எதை எடுத்தாலும் 10 ரூபாய்... சிட்லபாக்கம் வண்டிக்கும் ஜப்பானுக்கும் என்ன சொந்தம்?

குரோம்பேட்டையில் ரயிலைவிட்டு இறங்கி, ஜி.எஸ்.டி சாலைக்குக் கிழக்கே போனால் சிட்லபாக்கம். ஏரி, கரையில் நடைப்பயிற்சி செல்பவர்கள், அடுக்குமாடி வீடுகள் என அமைதியான புறநகர். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேரும்வரை பேரூராட்சியாக இருந்த ஊர்.

இந்தப் பக்கத்துத் தெருக்களில் எல்லோருக்கும் பழகிய குரல் ஒன்று உண்டு. "எதை எடுத்தாலும் பத்து ரூபா!" குட்டி யானை வண்டியில் டீ வடிகட்டி, சோப்பு டப்பா, துணி கிளிப், ஹேர் பேண்டு, தோசைக் கரண்டி எல்லாம் குவிந்திருக்கும். பேரம் பேச வேண்டாம், கணக்குப் பார்க்க வேண்டாம். பிள்ளைகள்கூட கையில் இருக்கும் காசுக்குத் தாங்களே வாங்கிவிடலாம்.

லாபம் எங்கிருந்து?

சென்னையில் இந்தச் சரக்குக்குப் பாரிமுனைதான் தாய்வீடு. தேவராஜ முதலி தெரு போன்ற மொத்த விற்பனைத் தெருக்களில் டஜன் கணக்கில் வாங்குவார்கள். எல்லாப் பொருளிலும் ஒரே லாபம் கிடைக்காது. ஒன்றில் நன்றாக நிற்கும், இன்னொன்றில் கிட்டத்தட்ட அசலுக்கே போகும். இரண்டும் சேர்ந்து விற்றால்தான் வண்டி ஓடும்.

வண்டியில் தொடங்கிய சாம்ராஜ்யம்

உலகம் முழுக்க 5,000-க்கும் மேற்பட்ட கடைகள் வைத்திருக்கும் ஜப்பானின் 'டைசோ' நிறுவனமும் இப்படித்தான் தொடங்கியது. ஹிரோஷிமா பகுதியில் ஹிரோடாகே யானோ என்பவர் 1970-களில் லாரியில் ஊர் ஊராகப் போய் வீட்டுச் சாமான் விற்றார். விலைச்சீட்டு ஒட்ட நேரமில்லாத ஒருநாள், "எல்லாம் 100 யென்" என்று சொல்லிவிட்டார் என்பது அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற கதை. 1991-ல் டகாமட்சு நகரில் நிரந்தரக் கடை. பிறகு சிங்கப்பூர் உட்படப் பல நாடுகள்.

அவருக்கும் முன்னோடி, அமெரிக்காவின் ஃபிராங்க் வுல்வொர்த். 1879-ல் யூட்டிகா நகரில் அவர் திறந்த '5 சென்ட்' கடை சில மாதங்களிலேயே மூடப்பட்டது. அதே ஆண்டு லங்காஸ்டரில் திறந்த கடை ஜெயித்தது.

பலகை மாறியது ஏன்?

ஒரே விலையைக் காப்பாற்றுவதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம். அமெரிக்காவின் 'டாலர் ட்ரீ' முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு டாலரைப் பிடித்துவைத்திருந்து, 2021-ல் 1.25 டாலருக்கு மாறியது. விலையை ஏற்ற முடியாதவர்கள் பொருளைச் சின்னதாக்குவார்கள். மக் மெலிந்துபோகும், கிளிப் எண்ணிக்கை குறையும். '10 ரூபாய்' பலகைகள் 20, 49, 99 என்று மாறிய காரணமும் அதேதான்.

இந்தியா 2020-ல் பொம்மைகளின் இறக்குமதி வரியை 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆக்கியது. 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரையும் கட்டாயம். மலிவான சீன பொம்மைகளை நம்பிய சிறு கடைகளுக்கு இது பெரிய அடி. இன்னொரு பக்கம், குரோம்பேட்டையில் சரவணா ஸ்டோர்ஸ், மால்களில் 2017-ல் இந்தியாவுக்கு வந்த சீனாவின் 'மினிசோ', கையில் இருக்கும் செல்போன் என்று போட்டியும் அதிகம்.

பெரிய நிறுவனம் லட்சக்கணக்கில் ஆர்டர் கொடுத்து விலையைக் குறைக்கும். வண்டிக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர் பலம், வாசலுக்கே வருவதும் அடுத்த வாரமும் அதே தெருவுக்கு வர வேண்டியிருப்பதும்தான். உடைந்த பொருளை அவரிடம் நேரில் காட்டிக் கேட்கலாம்.

வாங்கும்போது கவனிங்க!

* கிளிப், பிரஷ், கூடை, நோட்டு தாராளமாக வாங்கலாம்.
* குழந்தைகளின் பொம்மையிலும், பிளக், சாக்கெட்டிலும் ஐ.எஸ்.ஐ முத்திரை பாருங்கள்.
* சூடான சாப்பாடு வைக்க, எந்த வகை பிளாஸ்டிக் என்றே குறிப்பிடாத டப்பா வேண்டாம்.
* விலை குறைவு என்பதற்காகத் தேவையில்லாத பத்துப் பொருள் எடுத்தால், செலவு 100 ரூபாய்!