எஞ்சிய தகைவு

அண்ணன் மகன் முதுநிலைப் பொறியியல் ஆய்வேட்டை முடித்துவிட்டு, அதன் முகப்பில் வைக்கவேண்டிய தமிழ்ச் சுருக்கத்தை எழுதித் தரும்படி சென்ற கோடை விடுமுறையில் எங்கள் இல்லத்துக்கு வந்திருந்தான். கணவன், மனைவி இருவருமே கல்லூரியில் தமிழ் பயிற்றுவிப்பவர்கள். ஒரு பக்கந்தானே, ஒரு மாலைப்பொழுது போதும் என்று எண்ணினோம். நான்கு நாட்களாயின.

எஃகுத் தண்டுகளை இண்டக்‌ஷன் முறையில் கடினப்படுத்தும்போது அவற்றினுள் எழும் தகைவையும் திரிபையும் கணினியில் கணித்தல் என்பது பொருள். (இலக்கியப் பக்கத்தில் இஃதென்ன பாடம் என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா.) தகைவு, திரிபு என்னும் சொற்களைப் பள்ளிப் பாடநூல்களே தந்திருக்கின்றன. திரிபு என்றதும் புணர்ச்சி இலக்கணத்துக்குள் புகுந்துவிட்ட எங்களை அவன்தான் மீட்டு வந்தான். 'எஞ்சிய தகைவு' என்று எழுதியபின், எது, எதிலிருந்து எஞ்சுகிறது என்று அறியாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. விளக்கச் சொன்னோம்.

தண்டைச் செம்புச் சுருளுக்குள் நிறுத்தி, சுருளில் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். நெருப்பில்லை, சுருள் தண்டைத் தொடுவதுமில்லை. ஃபாரடே 1831இல் கண்ட தூண்டல் விளைவால் தண்டின் மேல்தோலில் சுழல் மின்னோட்டம் எழ, சில நொடிகளில் அது தழலாகச் சிவக்கிறது. வெப்பம் உள்ளே பரவுமுன் தண்ணீரைப் பீய்ச்ச, மேலடுக்கு மார்ட்டென்சைட் என்னும் கடிய அமைப்பாகிறது. அப்படி ஆகையில் எஃகின் பருமன் சற்றே கூடுகிறது. மேலடுக்கு விரியப் பார்க்கிறது. மாறாத உள்ளகம் அதனை விடுவதில்லை. எனவே ஆறிய பிறகும் மேலடுக்கு அமுக்கத்திலும், அதற்குக் கீழுள்ள பகுதி இழுவையிலும் நின்றுவிடுகின்றன. மேலுள்ள அமுக்கம் நன்மையே. விரிசலை வாய்திறக்க விடாது. அதற்கு ஈடான இழுவை, கடின அடுக்கு முடியும் எல்லையை ஒட்டி உள்ளே தங்கியிருக்கிறது. அறுத்துப் பார்க்கலாமெனில், அறுத்த கணமே அதில் ஒரு பங்கு விடுபட்டுப் போகும்.

ஆகவேதான் கணிப்பு. தண்டைப் பல்லாயிரம் நுண்கூறுகளாகப் பகுத்து, மின்காந்தம், வெப்பம், உள்ளமைப்பு, தகைவு ஆகியவற்றை நொடியின் சிறு துணுக்குதோறும் பிணைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒன்றைவிட்டு ஒன்றைக் கணக்கிட இயலாது: ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் இரும்பு தன் காந்த இயல்பை இழக்க, மின்னோட்டம் ஆழம் செல்கிறது, சூடேறும் விதமே மாறிவிடுகிறது. திரிபிலும் ஐந்து வகை. அவற்றுள் எங்களை ஒரு நாள் முழுதும் அலைக்கழித்தது ஐந்தாவது. உருமாறிக்கொண்டிருக்கும் வேளையில் எஃகு மிகச் சிறு விசைக்கும் இணங்கி நிலையாக வடிவம் மாறுகிறது. இதனைக் கிரீன்வுட்டும் ஜான்சனும் 1965இல் விளக்கினர். 'உருமாற்றக் குழைவு' என்று பெயரிட்டோம். இதனைக் கணக்கில் கொள்ளாவிடில் எஞ்சிய தகைவு பிழையாக வரும் என்றான்.

மூன்றாம் நாள் மாலை அண்ணன் வந்தார். கோவையில் ஒரு ஹார்டனிங் பட்டறையில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். 2009இல் அவர் கைப்பட்டுச் சென்ற ஷாஃப்ட்டுகள் சில வாரங்களில் முறிந்தன. தண்ணீர் சரியாக அடிக்கவில்லை என்று பழி அவர்மேல் விழுந்தது. ஒவ்வொன்றையும் அரம் போட்டுப் பார்த்தேன், மேல்கடினம் சரியாகத்தான் இருந்தது என்று அவர் சொன்னதை எவரும் கேட்கவில்லை. பிறகு மில்லொன்றில் காவற்பணி.

திரையில் தண்டின் குறுக்குவெட்டு: மேலே நீலம், அடியில் சிவப்பு. விட்டம் குறுகும் படியை ஒட்டிக் கடின அடுக்கு முடியும் இடத்தில் சிவப்பு மிக அடர்ந்திருந்தது. அண்ணன் அங்கே விரல் வைத்தார்.

"எங்க ஷாஃப்ட்டும் இங்கதான் முறிஞ்சுது. ட்ராயிங்கே இதுவரைக்குந்தான் சூடு பண்ணச் சொல்லுச்சு."

"அப்பா, இது வேற ஸ்டீல். உங்க தண்ணி என்ன வேகத்துல அடிச்சுதுன்னு எனக்குத் தெரியாது. அது தெரியாம, இந்தக் கணக்கு அதுக்கும் பொருந்தும்னு சொல்ல முடியாதுங்கப்பா."

எங்களுக்கு அவன்மேல் சினமே வந்தது. தந்தைக்காக ஒரு சொல் தளர்த்தியிருக்கலாம். அண்ணனோ தலையசைத்தார்.

"சரிதான் கண்ணு. தெரியாமயே தெரியும்னு சொல்லித்தான் என்னைய அனுப்புனாங்க." சற்றுப் பொறுத்து, "படியத் தாண்டி அந்தப் பக்கம் கொஞ்சம் சூடு பண்ணியிருந்தா?" என்றார்.

அவன் சுருளின் நீளத்தை மாற்றிக் கணிப்பை ஓடவிட்டான். மணிக்கணக்கில் ஓடியது. கடைசிப் பேருந்துக்குப் போகச் சொன்னோம், அண்ணன் எழவில்லை. இரவு பதினொன்றரைக்குப் படம் வந்தது. சிவப்பு படியைவிட்டு விலகி, தண்டு தடித்த பக்கம் போயிருந்தது. அவர் வெகுநேரம் அதையே பார்த்திருந்தார். சுருக்கத்தில் மீதியிருந்த கடைசி வாக்கியத்தை மறுநாள் காலை எழுதி முடித்தோம்.