திணறலின் இனிமை

1951இல் பதிவான 'ராக்கெட் 88' பாடலை நேற்றிரவு நண்பர்கள் கூடிக் கேட்டோம். மெம்ஃபிஸுக்கு வரும் வழியில் வில்லி கிசார்ட்டின் கிதார் ஒலிபெருக்கி பழுதாகிவிட, உடைந்த கூம்புக்குள் காகிதம் திணித்து ஒப்பேற்றியதாகப் பதிவாளர் சாம் ஃபிலிப்ஸ் சொல்லியிருக்கிறார். அந்தக் கரகரப்பே எங்களை ஈர்த்தது.

பழைய வால்வு ஒலிபெருக்கிகளின் குரலும் இதற்கு உறவுதான். தாங்கும் அளவை மீறினால் டிரான்சிஸ்டர் அலையின் உச்சியைச் சட்டென வெட்டும். வால்வு மெல்ல வளைக்கும். அவ்வளைவில் புதிய மேற்சுரங்கள் முளைக்கின்றன. ஓங்கி மீட்டுகையில் மின்னழுத்தம் சற்றே தாழ்ந்து மீள, ஒலி மூச்சு வாங்குகிறது.

பொறியியல் இதைக் குறையென்றது. இன்று அக்குறையையே மென்பொருளால் போலிசெய்கிறார்கள். எழுத்திலிருந்து திணறலையெல்லாம் துடைத்தெறிந்துவந்த நாங்கள், வெகுநேரம் பேசாமலிருந்தோம்.