மிளகாய்க்குத் துணை

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்ததிலிருந்து, அதை விளைவிக்கும் ஒருவரையாவது பார்க்க வேண்டும் என்றிருந்தேன். முதுகுளத்தூர்ப் பக்கத்து நண்பர் தன் பெரியம்மாவிடம் அழைத்துப்போனார். மாசி மாதம், காட்டில் பழம் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. பெரியம்மா எங்களை வீட்டுக் கொல்லைக்குக் கூட்டிப்போனார்.

"காட்டை எப்ப வேணாலும் பாக்கலாம் தம்பி. வெதச்செடி இங்கதான நிக்கிது."

இரண்டு சென்ட் இருக்கும். குண்டு குண்டாகப் பழுத்த செடிகளுக்கு இடையே சின்ன வெங்காயம், பூத்து நிற்கும் கொத்துமல்லி, ஓரத்தில் கேந்தி. காற்று வரும் பக்கம் நெருக்கமாகச் சோளம்; காற்றில் வரும் இலைப்பேனையும் வெள்ளை ஈயையும் அது மறிக்கிறது. மல்லிப் பூவுக்குப் பொறிவண்டு வரும். வந்தது அசுவினியைத் தின்னும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி மிளகாயைவிடக் கேந்தி மொட்டை விரும்பும். கத்தரி, தக்காளியை மட்டும் அவர் பக்கத்தில் அண்டவிடுவதில்லை. ஒரே குடும்பம், ஒரே நோய்.

நான் அதிக நேரம் நின்றது மூலையிலிருந்த ஆமணக்குச் செடிகளிடம்தான். பெரியம்மா ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் பழுப்பு ரோமம் போர்த்திய சிறு திட்டு: புரோடீனியாப் புழுவின் முட்டைக் குவியல். சில நூறு முட்டைகள் இருக்கும். அதன் தாய் அந்துப்பூச்சிக்கு அகன்ற ஆமணக்கு இலை பிடிக்கும். விட்டால் மூன்று நான்கு நாளில் பொரித்துவிடும். இலையோடு கிள்ளி அடுப்பில் போட்டார். தினமும் காலையில் இதைச் செய்கிறார். பூச்சிமருந்துக் கடைக்காரர் யாரும் இதைச் சொல்லித்தரமாட்டார்.

பெரியம்மா கல்யாணமாகி வந்த புதிதில் அடுத்தவர் காட்டில் பழம் எடுக்கப் போனவர். இரவில் கையெரிச்சலுக்கு மோரில் விரல்களை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். பிறகு குத்தகைக்குப் பிடித்த நிலத்தில் தனி மிளகாய் போட்டார்கள். ஒரு வருடம் இலை சுருண்டது. மண்டிக்காரர் கடனுக்கு மருந்து கொடுத்தார், அதற்கு மேல் முன்பணமும் கொடுத்தார். விளைந்த வத்தல் முழுவதும் அவர் சொன்ன விலைக்கே போனது. அந்த வருடமும் கொல்லையில் மாமியார் வைத்த கலப்புச் செடிகள் தேறி நின்றன. மறு வருடம் கொல்லையில் கண்டதைக் காட்டுக்குக் கொண்டுபோனார்.

பூச்சிக்கு அணை என்று மட்டும் இதை நினைத்துவிடக் கூடாது. மல்லித்தழை நாற்பது நாளில் சந்தைக்குப் போகும், வெங்காயம் எழுபது நாளில். மிளகாய் பழுக்கும் முன்பே கையில் காசு வந்துவிடுவதால் முன்பணத்துக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. மண்டியில் கடன்பட்டவர் சாக்கை அவிழ்த்ததும் மாதிரி என்று கை கையாக அள்ளுகிறார்கள், அள்ளியது திரும்புவதில்லை. பிறகு கழிவு, தரகு, ஏற்றுக்கூலி. குனிந்து எடுத்தவளைத் தவிர எல்லோருக்கும் அந்தச் சாக்கில் பங்கு உண்டு. இது கொள்ளை. புவிசார் குறியீட்டுக்கு விழா எடுத்தவர்கள், குத்தகைக்குப் பயிரிடுபவருக்கும் வங்கிக் கடன் எளிதாகக் கிடைக்க வழி செய்திருந்தால் இந்தக் கொள்ளை பாதி குறைந்திருக்கும்.

இந்த வருடம் களையெடுப்புக் கூலியை வெங்காயக் காசிலேயே கொடுத்துவிட்டாராம் பெரியம்மா. முதல் எடுப்பு வத்தல் மூட்டைகள் வீட்டு நடையில் அடுக்கியிருந்தன. விலை ஏறட்டும், பிறகு வண்டி பிடிக்கலாம் என்றார்.