திருப்பிக் கொடுத்த புத்தகம்

போன வருஷம் மே கடைசியில் லீவுக்கு நெய்வேலி வந்திருந்தேன். ஆபீஸ் விடவில்லை. "ஜூன் 1-க்கு யாழ்ப்பாணம் நூலகம். பழைய படம், புதுப் படம், ரெண்டு வரி போதும்" என்று டெஸ்க்கிலிருந்து மெசேஜ். பத்து நிமிஷ வேலைதான்.

1959-ல் திறந்த கட்டடம். வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். ஆலோசனை சொன்னவர், நம்ம பக்கத்துச் சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன். 1981 மே 31-ல் தொடங்கிய வன்முறையில், போலீஸாரும் சேர்ந்த கும்பல் அதற்குத் தீ வைத்தது. சுமார் 97,000 புத்தகங்களும், அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 1984-ல் ஒரு பகுதியைச் சரிசெய்து திறந்தார்கள். கோட்டை பக்கத்திலேயே இருந்ததால், போர் மூண்டதும் மறுபடி ஷெல்லும் குண்டும். 1998-ல் மீண்டும் வேலை தொடங்கியது. 'ஒரு செங்கல், ஒரு புத்தகம்' என்று மக்களிடம் கேட்டு வாங்கினார்கள். 2003-ல் அதே வெள்ளை நிறத்தில் நூலகம் திறந்தது.

'எரிந்தது... மீண்டது!' என்று தலைப்பு வைத்துவிட்டேன்.

படம் சரியா என்று கேட்கத்தான் என் ஸ்கூல் தோழிக்கு அனுப்பினேன். அவள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தது. போனை அவளுடைய அம்மம்மா வாங்கிக்கொண்டார். படம் சரிதானாம். சிறு வயதில் அங்கே உறுப்பினராம். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எரியிறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னம்தான் பிள்ளை, எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் குடுத்தனான். ஒரு கிழமை பிந்தியிருந்தா அது ஒண்டாவது தப்பியிருக்கும்."

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், நேரத்துக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததையே தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தலைப்பை 'கட்டடம் மீண்டது' என்று மாற்றி அனுப்பினேன். "பஞ்ச் இல்லையே" என்றார்கள். இருக்கட்டும் என்றேன்.

அப்புறம் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி வந்தது. இரண்டு புத்தகம் வாங்கிக்கொண்டு அம்மம்மாவைப் பார்க்கப் போனேன். முதல் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எதையோ தேடினார்.

"தேதி ஒண்டும் அடிக்கேல்லையே... இதைத் திருப்பிக் குடுக்கத் தேவையில்லைதானே, பிள்ளை?"

"வேண்டாம் அம்மம்மா, உங்களுக்குத்தான்" என்றேன். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.