பூட்டும் முன் திறக்கப் பழகுங்கள்

வீட்டுப் பத்திரம், பான் அட்டை, காப்பீட்டுப் பாலிசி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மடிக்கணினியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் என் வயதுக்காரர்களிடமும் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்தக் கோப்புகள் பூட்டில்லாமல் பென்டிரைவில் கைமாறுவதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. பூட்டும் கருவிக்குக் காசு வேண்டாம். நிறுவ அதிக நேரமும் ஆகாது. அதற்குப் பிறகு வரும் பொறுப்பைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வைத்திருப்பவர் டெர்மினலைத் திறந்து ஆப்ட் கட்டளையை ஒரு வரி தட்டினால் ஜிபிஜி என்னும் அந்தப் பூட்டும் கருவி வந்து உட்கார்ந்துவிடும். மேக் கணினியில் ஹோம்புரூ இதைச் செய்யும். கண்ணில் பட்ட தளத்திலிருந்தெல்லாம் இறக்காமல், ஆப்ட், ஹோம்புரூ போன்ற பேக்கேஜ் மேனேஜர் வழியாகவே போங்கள் என்கிறேன், காரணம் இருக்கிறது. டெபியன் குழு கையொப்பமிட்ட பட்டியல் ஒன்று உண்டு. ஆப்ட் முதலில் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும். பிறகு, இறக்கிய பேக்கேஜின் கைரேகை போன்ற ஹாஷ் எண், பட்டியல் வழியாக வரும் எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். வழியில் எவராவது ஒரு பைட்டை மாற்றியிருந்தாலும் நிறுவாது. டெபியனில் இந்தச் சரிபார்ப்பைப் பல்லாண்டு செய்துவந்ததே ஜிபிஜி குடும்பத்துச் சிறு கருவிதான்.

இந்தக் கருவியின் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். 1991இல் ஜிபிஜிக்கு முன்னோடியான பிஜிபியை வெளியிட்ட பில் சிம்மர்மன் மீது அமெரிக்க அரசு ஆண்டுக்கணக்கில் விசாரணை நடத்தி, 1996இல் வழக்கில்லாமல் கைவிட்டது. ஜெர்மனியில் வெர்னர் கோக் 1997இல் தொடங்கிய ஜிபிஜியைக் குறைந்த வருமானத்தில் தாங்கிப்பிடித்தார். 2015இல் அவருடைய பணமுடை செய்தியான பிறகே உதவி குவிந்தது. இவர்கள் உழைப்பு நம் கைக்கு இலவசமாக வருகிறது. முடிந்தவர்கள் நன்கொடை அனுப்புங்கள்.

எத்தனை பேர் பார்த்தாலும் பிழை நுழையும். 2006இல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்கப் பேக்கேஜில் செய்த சிறு திருத்தம் ஒன்றால், அதைக் கொண்டு உருவாக்கிய சாவிகள் ஊகிக்கக்கூடியவை ஆகிவிட்டன. 2008 மே மாதம்தான் அது வெளியே தெரிந்தது. ஜிபிஜி சாவிகள் தப்பின. திருத்திய பேக்கேஜும் அதே ஆப்ட் வழியாகத்தான் வந்தது. அப்டேட் வந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

ஊரார் நமக்காகச் செய்யக்கூடியது இவ்வளவுதான். இனி எல்லாம் நம் தலையில்.

பத்திரத்தின் ஸ்கேன் ஒன்றை ஜிபிஜியிடம் கொடுத்து, கடவுச்சொல்லால் பூட்டச் சொல்கிறீர்கள். கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்கும். பூட்டிய புதிய கோப்பு உருவாகும். பழைய கோப்பு பக்கத்திலேயே அப்படியே கிடக்கும்! அதை நீக்காதவரை பூட்டியதற்குப் பொருளில்லை. ஆனால் அவசரப்பட்டு நீக்கியும் விடாதீர்கள். உடனே திறந்து பார்த்தால் கடவுச்சொல் கேட்காமலே திறக்கக்கூடும். ஜிபிஜியோடு பின்னணியில் ஓடும் ஏஜென்ட் கடவுச்சொல்லைச் சற்று நேரம் நினைவில் வைத்திருக்கும். வழக்கமான அமைப்பில் 10 நிமிடம். அதை நம்பி, எல்லாம் சரி என்று அசல் கோப்பை அழித்தவர், தட்டுப்பிழையோடு பூட்டியிருந்தால் என்ன ஆவது? கணினியை அணைத்துவிட்டு, மறுநாள் காலை திறந்து பாருங்கள். உங்கள் விரலால் கடவுச்சொல்லைத் தட்டி, பத்திரத்தின் கடைசிப் பக்கம்வரை தெரிந்த பிறகு அசல் கோப்பை நீக்குங்கள்.

பீரோ சாவி தொலைந்தால் பூட்டுக்காரரைக் கூப்பிடலாம். இங்கே கூப்பிட ஆளில்லை. கடவுச்சொல் வலுவாக இருந்து அது மறந்துபோனால், கருவியை எழுதியவராலும் திறந்துதர முடியாது.

நமக்குப் பிறகு என்ன என்ற கேள்வியை நம் வீடுகளில் அபசகுனம் என்று ஒதுக்கிவிடுகிறோம். கணவர் போன துக்கத்தில் இருக்கும் பெண்மணியிடம், திறக்க முடியாத பென்டிரைவ் ஒன்றும் மிஞ்சுவது கொடுமை. ஒரு தாளில் கடவுச்சொல்லையும், எந்தக் கருவி, எந்தக் கட்டளை என்பதையும் தெளிவாக எழுதி உறையிலிட்டு, வங்கி லாக்கரில் பத்திரங்களோடு வையுங்கள். பென்டிரைவோடு சேர்த்து வைக்க வேண்டாம். அதற்கு முன், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள்; அவர் கணினியில் அவரே கருவியை நிறுவி, அவரே திறக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், வாய் திறக்காதீர்கள். எந்த இடத்தில் அவர் திகைத்து நிற்கிறாரோ, அந்த இடத்தில் தாளில் இன்னும் ஒரு வரி எழுதுங்கள்.