தட்டிக் கேட்கிறவர்

நாலு மாதமாக என் காரில் அந்த மஞ்சள் விளக்கு அணையவில்லை. லாடம் போன்ற வளைவுக்குள் ஓர் ஆச்சரியக்குறி: டயரில் காற்று குறைவு என்று அர்த்தம். காற்று பிடித்தேன், அணையவில்லை. சென்னையில் வண்டி விட்ட சர்வீஸ் சென்டரில் ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், டயரின் காற்றை அளக்கும் நாலு சென்சாரையும் மாற்ற வேண்டும் என்று இருபதாயிரத்துக்கு மேல் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் நண்பரிடம் புலம்பினேன். "இங்க ஒருத்தர்கிட்ட காட்டிட்டு அப்புறமா பணத்தைக் கட்டு" என்றார்.

நாமக்கல் லாரியால் வாழும் ஊர். நண்பர் சொன்னவரின் கடை சேலம் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. கம்ப்ரசர், தண்ணீர்த் தொட்டி, சுவரில் சாய்த்த லிவர்கள். நான் போனபோது பத்துச் சக்கர லாரி ஒன்றைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கையில் முழ நீள இரும்புக் கம்பி. ஒவ்வொரு டயரிலும் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்பார், அடுத்ததற்கு நகர்வார். பின்பக்க ஜோடிச் சக்கரத்தில் உள்டயரைத் தட்டியபோது நின்றுவிட்டார். வெளிடயர் 'டங்' என்றது. இது 'தொப்' என்றது. அந்த வித்தியாசம் எனக்கே கேட்டது. உள்டயர் இறங்கியிருந்தால் வெளியே தெரியாது. பாரம் முழுவதும் பக்கத்து டயரில் ஏறும், சூடேறும், ஏதாவது ஒரு மேம்பாலத்தில் வெடிக்கும்.

அந்தக் கம்பிக்கு வயது நாற்பதுக்கு மேல். பதிமூன்று வயதில் ராசிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து ஒரு மலையாளியின் டயர் கடையில் சேர்ந்தாராம். கிணறு வற்றிய வருஷம், பள்ளிக்கூடம் அதோடு நின்றது. முதல் மூன்று வருஷம் சம்பளம் இல்லை, சாப்பாடு மட்டும். ஆசான் கொடுத்தது இந்தக் கம்பி. அப்போது லாரி ரிம்மில் தனியாக ஒரு பூட்டு வளையம் இருக்கும். அது சரியாக உட்காராமல் காற்று ஏறினால் பிய்த்துக்கொண்டு பறக்கும். எதிரில் இருப்பவர் தலை தப்பாது. "கூட வேலை பார்த்த பையன் என் கண்ணு முன்னாடி போயிட்டானுங்க" என்றவர், வலது காதைத் தொட்டுக் காட்டினார். அன்றைய சத்தத்தில் அந்தக் காது போய்விட்டது. டயரைத் தட்டும்போது அவர் தலை ஏன் இடப்பக்கம் சாய்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

என் காரை அன்று அவர் தொடவில்லை. "சென்னையில இருந்து ஓட்டி வந்திருக்கீங்க, டயர் சூடா இருக்கும். சூட்டுல அளந்தா கூடத்தான் காட்டும். காலையில வாங்க சார்."

காலையில் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஸ்டார்ட் பண்ணதும் லைட்டு சிமிட்டுதா, நேரா எரியுதா?" நாலு மாதம் பார்த்தும் நான் கவனிக்காதது. சாவியைத் திருப்பினார். ஒரு நிமிஷத்துக்கு மேல் சிமிட்டிவிட்டு நிலைத்து எரிந்தது. "காத்து கொறஞ்சா சிமிட்டாதுங்க. சென்சார் ஒண்ணு பேசல."

டிரைவர் கதவைத் திறந்து ஓரத்தூணில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். காற்றழுத்தம் 33 என்று போட்டிருந்தது. சூடான டயரில் பிடித்துப் பிடித்து நான் வைத்திருந்தது 29. பிறகு ரிமோட் போன்ற ஒரு கருவியை ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் பிடித்தார். மூன்று சக்கரங்கள் பதில் சொல்லின. பின்பக்க இடது சக்கரம் ஊமை. டயரை ரிம்மிலிருந்து பிரித்தபோது வால்வின் அடியில் இருந்த சென்சார் பிளந்து கிடந்தது. கடைசியாக டயர் மாற்றிய இடத்தில், மெஷினின் தட்டை வால்வுக்கு நேராக வைத்து அழுத்தியிருக்கிறார்கள். வால்வைத் தள்ளி வைத்து அழுத்தியிருந்தால் உடைந்திருக்காது.

மாலை சேலத்திலிருந்து பஸ் பார்சலில் ஒரு சென்சார் வந்தது. அதை வண்டிக்கு அறிமுகப்படுத்த அவர் கருவியில் தட்டியதை என்னால் பின்தொடர முடியவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டியதும் விளக்கு அணைந்தது.

எல்லாக் காரிலும் சென்சார் இருப்பதில்லை. சில வண்டிகள் ஏபிஎஸ் மூலம் சக்கரச் சுழற்சியை எண்ணிக் கணக்கிடும். காற்று இறங்கிய டயரின் சுற்றளவு குறைவதால் அது கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அப்படிப்பட்ட வண்டியில் காற்று பிடித்தபின் ரீசெட் செய்யாவிட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். அதற்கும் சென்சார் மாற்றச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் தன்னிடம் வந்திருப்பதாகச் சொன்னார்.

இந்த விளக்கு உயிரைக் கொடுத்து வாங்கியது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிரிந்து 100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு 2000இல் சட்டம் வந்தது. 2007 செப்டம்பர் முதல் அங்கே புதிய கார்கள் அனைத்திலும் இது கட்டாயம். இந்தியாவில் 2020இல் வந்த விதித் திருத்தப்படி, இந்த வசதியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னியே தேவையில்லை. ஸ்டெப்னியை எடுத்துவிட்ட பிறகு இந்த விளக்கின் சொல்லை நம்பித்தானே குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறோம்? அதை ஒரு வசூல் கருவியாக்குவது பாவம். சென்சாருக்குள் இருப்பது ஒரு சின்ன பேட்டரி, பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து வருஷம் வரும். அதிர்வும் ஈரமும் தாங்க பிசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். அந்தக் காரணம் நியாயமானது. ஆனால் பேட்டரி தீர்ந்தால் முழுச் சென்சாரையும் தூக்கிப் போட வேண்டும், அதைக் கை மாற்றிக் கை மாற்றி விற்கிறவர்கள் ஒவ்வொருவரும் லாபம் வைப்பார்கள். எது கெட்டது என்று கண்டுபிடிக்கிறவருக்கு மட்டும் அதில் பங்கு இல்லை.

அவர் என்னிடமும் மறைக்கவில்லை. "மத்த மூணும் பழசுங்க. ஒண்ணொண்ணா போகும். போறப்ப மாத்திக்கலாம்." சீட்டு எடுத்து அந்தச் சென்சார் சோதிக்கும் கருவியை வாங்கியிருக்கிறார். இன்னும் தவணை கட்டுகிறார். மாற்றிய பொருளுக்குக் காசு தருகிறவர்கள், ஒன்றும் மாற்ற வேண்டாம் என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்களாம்.

சென்சாரின் பில்லை அப்படியே நீட்டினார். கூலியாகக் கேட்டது முந்நூறு ரூபாய்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அந்த விளக்கு எரிந்தால் முதலில் அவரிடம் போங்கள். ஒன்றும் கெடவில்லை என்று அவர் சொன்னாலும், பார்த்துச் சொன்னதற்குக் கூலி கொடுத்துவிட்டு வாருங்கள்.