விழுந்த விமானத்தை நோக்கி ஓடியவர்கள்

கடந்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்ராறியோ மாகாணத்துச் சிறுநகரொன்றில் வாழும் மகளின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவ்வூரின் எல்லையில் தனியார் விமானங்கள் வந்திறங்கும் சிறியதோர் ஓடுபாதை உண்டு. மாலையில் ஏழு வயதுப் பேரன் என்னை அங்கே அழைத்துச் சென்றான். கம்பி வேலியருகே வேறு சில குடும்பத்தினரும் வேடிக்கை பார்த்து நின்றனர்.

நால்வர் அமரக்கூடிய ஒற்றை இயந்திர விமானமொன்று தாழ்ந்து வந்தது. காற்றுப் பலமாகக் குறுக்கே வீசியது. இத்தகைய விமானம் இறங்கும்போது பின்சில்லுகள் இரண்டுமே முதலில் நிலத்தைத் தொடவேண்டும். வேகம் தணிந்த பின்னரே மூக்குச் சில்லு பதியவேண்டும். அன்று மூக்குச் சில்லே முதலில் மோதியது. விமானம் பந்துபோல் எழும்பி விழுந்தது. மீண்டும் எழும்பி விழுந்தபோது முன்கால் முறிந்தது. சுழல்விசிறி தார்ப்பாதையை உராய, விமானம் புல்வெளியில் சரிந்து நின்றது.

அந்தச் சத்தம் கேட்டதும் நான் செய்ததை எழுதக் கூசுகிறேன். பேரனை இழுத்து நிலத்தில் கிடத்தி, அவன்மேல் குப்புற விழுந்து, அவன் காதுகளைப் பொத்தினேன்.

1980களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்து வானில் வந்த சியா மார்ச்செட்டியும் இத்தகைய சிறு விமானமே. 1964 இல் இத்தாலியில் முதன்முதலாகப் பறந்த அவ்வகை விமானத்தில் பல நாடுகளின் விமானிகள் பயிற்சி பெற்றனர். தனியாரும் சாகசப் பறப்புக்கு அதனை வைத்திருந்தனர். எமக்கோ அது கூரையின்மேல் குண்டு போட வந்தது. எம் பிள்ளைகள் 'சியாமாசெட்டி' என்று சொல்லப் பழகுமுன்னரே அதன் இரைச்சலை இனங்காணப் பழகினார்கள். அது பதிந்தால் பதுங்குகுழிக்கு ஓடுவோம். அகன்றால் அடுப்படிக்குத் திரும்புவோம்.

நான் தலை நிமிர்த்தியபோது வேலியருகே ஒருவரையும் காணவில்லை. எல்லோரும் விமானத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் தீயணைப்புக் கருவி. ஒரு பெண் காலணிகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். எரிபொருள் கசிந்து தீப்பற்றக்கூடும் என்பதை அவர்களும் அறிவர். எனினும் விமானியை வெளியே தூக்கி எடுத்தார்கள். நல்லகாலம், நெற்றியில் ஒரு காயம் மட்டுமே.

இந்நாட்டில் போக்குவரத்து விபத்துகளை ஆராய 1990 இல் நிறுவப்பட்ட பாதுகாப்புச் சபையொன்று உண்டு. எவர்மீதும் குற்றம் சுமத்துவது அதன் பணியன்று. அதே விபத்து மீண்டும் நேராதிருக்க வழி காண்பதே பணி. எங்கள் ஒழுங்கையில் குண்டு விழுந்த மறுநாள் காரணம் கேட்டு எழுத வந்தவர் எவருமிலர். மாண்டவர்களின் பெயர்களை இன்றும் நாமே நெஞ்சில் வைத்திருக்கிறோம்.

வீடு திரும்பும் வழியில் பேரன் கேட்டான்: "அம்மப்பா, நாங்கள் மட்டும் ஏன் ஓடிப்போகவில்லை?"

அவனுக்கு ஓடுதல் என்றால் உதவப் போவது. எனக்கு அது ஒளியப் போவது. அன்றிரவு முதன்முறையாக அவனுக்குப் பதுங்குகுழியைப் பற்றிச் சொன்னேன். அத்துடன் இன்னொன்றையும் சொன்னேன்: பொம்பர் மறைந்த மறுகணமே, புகை எழுந்த திசைக்கு எங்கள் ஊரவரும் ஓடினார்கள். எவரும் அவர்களை ஏவவில்லை. அவர்களுள் அவனுடைய அம்மம்மாவும் ஒருத்தி.